வலைக்கு வெளியே நீட்டிய விரல்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

பஸ் டிரைவரிடம் கொசுவலை கொடுத்தனுப்பியிருக்கிறேன். மருந்து தோய்த்த வலை, வெயிலில் உலர்த்தாதே. விளிம்பைப் பாயின் அடியில் செருகிவிடு. இப்போதைக்கு ஒன்றுதான் கிடைத்தது. குட்டிமாவுக்கு மூன்று வயதுதானே, இந்த வயதில் மலேரியா வந்தால் தாங்காது. முதலில் அவளுக்குக் கட்டு. உன் மகள் பட்டுவுக்கு அடுத்த மாதம் அனுப்புகிறேன்.

நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள் நான். பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காதே. என் மகளை உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 19

என் செல்லத் தங்கச்சிக்கு,

வந்த அன்றே வலையைக் கட்டிவிட்டேன். உன் மகள் உள்ளே மகாராணி மாதிரி தூங்குகிறாள். நேற்று ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டி, "ஏய் கொசு, தைரியம் இருந்தா கடி பாப்போம்!" என்று சவால் விட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 8

தங்கச்சி,

குட்டிமாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. வெயில் சூடுதான். வலைக்குள் படுக்கிற பிள்ளைக்கு மலேரியா எங்கிருந்து வரும்? லீவு போட்டுக் கிளம்பிவிடாதே.

அக்கா

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

அன்று உன் வீட்டுக்கு வந்து அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நேற்றுத்தான் காய்ச்சல் இறங்கியது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாயே. உன் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் எடுத்த ரத்த ஸ்லைடு என் மேஜைக்கே வந்தது. முதலில் கிருமியைப் பார்த்தேன். பிறகுதான் சீட்டில் என் மகளின் பெயரைப் பார்த்தேன். கீழே எழுதியிருந்தது: "காய்ச்சல் ஆறு நாள். குழந்தை வலையில் படுப்பதில்லை. ஒரே வலை, பெரியம்மா மகளின் கட்டிலில்."

விரலை நீட்டியது பட்டுதானே? அந்த வரியை வேலையிடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேனே, அக்கா.

"எம் பொண்ணுக்கும் பயமா இருந்துச்சுடி, வலை ஒண்ணுதானே இருந்துச்சு" என்று வாசலில் அழுதாய். பயந்தது தப்பில்லை. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எங்கே அலைந்தாவது இன்னொன்று அனுப்பியிருப்பேன். நீ பொய்யை எழுதினாய், அதுவும் இவ்வளவு ஆசையாக.

குட்டிமா இனி என்னோடுதான் இருப்பாள். பட்டுவின் வலையைக் கழற்றிவிடாதே, அவள் பத்திரமாகத் தூங்கட்டும். எனக்குக் கடிதம் மட்டும் எழுதாதே. நீ எழுதினால் நான் மறுபடியும் நம்பிவிடுவேன்.

குட்டிமாவின் அம்மா