காவிரிக்குள் வெட்டிய கிணறு

காவிரிக்கரை,
மாசி மாதம், 1931

தங்கை சின்னாயிக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். கெங்கவல்லியில் எல்லோரும் சுகம்தானே? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். இனி நான் சொல்லப்போவதை நம் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன்.

உன் அண்ணன் ஆற்றுக்குள் கிணறு வெட்டுகிறான்! தண்ணீருக்கு அல்ல. தாத்தா காலத்து ரயில் பாலத்தின் கல்தூண்களெல்லாம் மணலில் புதைந்த கிணறுகளின்மேல்தான் நிற்கின்றன. ஒரு தூண் ஆட்டம் கண்டதால், பக்கத்தில் புதுத்தூண் எழுப்புகிறோம். மணல்மேல் செங்கல் வளையம் கட்டி, உள்ளே மணலை அள்ள அள்ள, அது தன் பாரத்திலேயே கீழே இறங்கும். நான் அள்ளிய வேகத்தில் பாதாளத்தில் ஆதிசேஷனே தும்மினான். அந்தக் காற்றில் ஒரு கூட்ஸ் வண்டி கரி போடாமலே ஈரோடு போய்ச் சேர்ந்தது.

ஊருக்குக் கிளம்ப இருந்த அன்று கிணறு சாய்ந்துவிட்டது. நிமிர்த்தும்வரை யாரும் கரையேறக் கூடாது என்றார்கள். உன் மகள் மாரக்காளின் காதுகுத்துக்கு வரமுடியாமலே போயிற்று. தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய பிள்ளையை யார் மடியில் வைத்தீர்கள்? வேண்டாம், அதை எழுதாதே. கொஞ்சம் ஊறுகாய் கொடுத்தனுப்பு. காது ஆறிவிட்டதா என்று மட்டும் எழுது.

காதுகுத்து அன்று முகூர்த்த நேரத்தில் மணல்மேட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மேஸ்திரி சென்றாயன் கத்தினார்:

“ஏனுங்கண்ணா, கெணறு சாஞ்சு கெடக்குது, நீங்க பந்திக்கு உக்காந்தாப்பல உக்காந்திருக்கறீங்க?”

“கொஞ்சம் பொறுங்க. புள்ளைக்கு மடி குடுத்திருக்கேன்.”

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். மற்றதை நம்பாவிட்டால் போகிறது சின்னாயி, அந்த மடி மட்டும் நிஜம்.

அண்ணன் கண்ணுசாமி