கோத்தா திங்கி வெள்ளத்தில் நீந்திய காடி

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று பூசை முடிந்து இறங்கும்போது என் வீட்டுக்காரி ஃபெலிசியா மாதா கோயில் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் வரட்டும் என்றார்கள். இந்த லியோனார்ட் காத்திருக்கிற ஆளா? நம்ம மைவி காடியில் பின் சீட்டிலேயே படுக்க வைத்து, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். என்னைப் பார்த்ததும் சிக்னல் எல்லாம் பச்சையாகிவிட்டது. ஒரு போலீஸ்காரன் சல்யூட் வைத்தான். சரி, கை காட்டினான்.

டாக்டர் சின்னப் பொண்ணு. "அங்கிள், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடணும். ஆன்ட்டி ரொம்ப நாள் படுக்கையில கிடந்தா அப்புறம் எழுந்து நடக்கறது சந்தேகம்." அரசாங்க ஆஸ்பத்திரி, படுக்கையும் டாக்டரும் சல்லிசுதான். ஆனால் உள்ளே வைக்கிற செயற்கை மூட்டுக்கு நாமே காசு கட்ட வேண்டுமாம். கட்டினால்தான் தேதி.

சிங்கப்பூரிலிருந்து மகள் அபிகெயில் போன் போட்டாள். "காசு ஏதாச்சும் வேணுமாப்பா?"

"எதுக்கு லா? அப்பாகிட்ட பெரிய இன்ஷூரன்ஸ் இருக்கு. ஆஸ்பத்திரியையே வாங்கிடலாம்."

தவணை கட்டாமல் அந்த இன்ஷூரன்ஸ் செத்து எத்தனையோ வருஷம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காடியை விற்றுவிடுவது. வேறு வழி இல்லை. பழைய காடி வாங்குகிற ஹாரூன் கடையில் 'அன்றே காசு' என்று போர்டு தொங்குகிறது.

ஹாரூன் மரியாதையான பையன். காடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், கீழே படுத்தும் பார்த்தான். "நல்லா வச்சிருக்கீங்க அங்கிள்" என்று ஒரு விலை சொன்னான். மூட்டுக்குப் போக மிச்சம் வரும் விலை. அங்கேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

போட்டேனா? இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று என் கோத்தா திங்கி கதையை எடுத்துவிட்டேன். "தம்பி, இத சாதாரண காடின்னு நினைச்சியா? கோத்தா திங்கி ஊரே முங்குன அந்தப் பெரிய வெள்ளத்துல ஸ்டேரிங் வரைக்கும் தண்ணி. படகு மாதிரி நீந்திப் போய்க் கரை ஏறுச்சு. சீட்டுக்கு அடியில ரெண்டு கெளுத்தி மீன்! சாவி போட்டேன், ஒரே தட்டுல ஸ்டார்ட்டு!"

பையன் உடனே போனை எடுத்தான். காடியைப் படம் எடுத்துக்கொண்டான். "நாளைக்குச் சொல்றேன் அங்கிள்."

பிப்ரவரி 5, புதன்

ஹாரூன் கூப்பிடவில்லை. பெரிய விலை என்றால் யோசிக்கத்தான் செய்வான்.

பிப்ரவரி 6, வியாழன்

நானே போனேன்.

"வெள்ளத்துல முங்குன காடிய நாங்க எடுக்கறதில்ல அங்கிள். இப்ப நல்லா ஓடும், அப்புறம் உள்ள ஒயரெல்லாம் மக்கிப்போவும். வாங்குனவன் என்னைத்தான் அடிக்க வருவான்."

"அலமாக்! தம்பி, அது சும்மா கதை லா! அன்னிக்கு நானும் ஆன்ட்டியும் தங்காக்ல பொடவைக் கடையில இருந்தோம். வெள்ளத்த டிவியிலதான் பாத்தேன்!"

சிரித்தான். "மீன் வரைக்கும் சொன்னீங்களே அங்கிள். விக்கணும்னு இப்ப மாத்தாதீங்க."

உண்மையைச் சொல்கிறேன், பொய் என்கிறான். என்ன செய்ய?

இன்னும் இருக்கிறது. காடி வியாபாரிகளுக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப்பாம். யார் எந்தக் காடியைப் பார்த்தாலும் நம்பர் பிளேட்டோடு படம் போட்டுவிடுவார்களாம். என் காடிக்குக் கீழே 'வெள்ளக் காடி' என்று போட்டிருக்கிறான். ஜொகூர் பாரு முழுக்கப் போயிருக்கும்.

பிப்ரவரி 8, சனி

முழுக்கத்தான் போயிருக்கிறது. எந்தக் கடையில் நிறுத்தினாலும் முதலில் நம்பரைப் பார்க்கிறான், பிறகு போனைப் பார்க்கிறான். ஒரு கடை முதலாளி, சீனத் தவுக்கே, மலாயில் கேட்டான், "மீன் ருசியா இருந்துச்சா அங்கிள்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எத்தனையோ பேரை இந்தக் கதையால் நான் சிரிக்க வைத்திருக்கிறேன். இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு காடியை எடுத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஃபெலிசியாவிடம் சொல்லிவிட்டேன்.

"காடி கடைக்காரன்கிட்டயுமா சொன்னீங்க?"

"ம்."

"போன கிறிஸ்துமஸ்ல ஒரு மீன்தான இருந்துச்சு?"

அவ்வளவுதான். திட்டவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், திரும்பிப் படுக்க முடியாதே. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

எதிர்ப் படுக்கை அம்மாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இவளுக்குப் பிறகு வந்த அம்மா.

பிப்ரவரி 15, சனி

முதுகில் புண் வந்துவிட்டது. தண்ணி கேட்டாள், கொடுத்தேன், இருமினாள், இருமும்போது வலியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன மனுசன்? வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாத ஆளு. அவ கால என் வாயாலயே ஒடச்சிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

விற்றாயிற்று. ஹாரூனுக்கே. வெள்ளக் காடி விலைக்கு. "உங்களுக்காகத்தான் அங்கிள் எடுக்கறேன்" என்றான். காடியைப் பேர் மாற்ற மெஷினில் கட்டை விரலை வைத்தேன். மூட்டுக்குப் பாதிகூட வராது.

பஸ் நிறுத்தத்தில் நின்று அபிகெயிலைக் கூப்பிட்டேன். "இன்ஷூரன்ஸ் இல்லம்மா. ஒண்ணும் இல்ல. காடியும் போச்சு. அம்மா அப்படியே கிடக்கறா."



"இது கதையா, நெசமாப்பா?"

அழுதுவிட்டேன். அப்போதுதான் நம்பினாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அபிகெயில் வேலைக்கு லீவு போட்டுப் பாலம் தாண்டி வந்து மீதியைக் கட்டினாள். "அன்னிக்கே கேட்டேனேப்பா" என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் தலை வாரிவிட்டாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறதாம். ஆனால் காலில் பலம் போய்விட்டது என்கிறார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வாடகைக் காடியில் பூசைக்குப் போனோம். அவளைச் சக்கர நாற்காலியில் இறக்கியதும் பாட்டுக் குழு ரேமண்ட், இன்னும் நாலைந்து பேர், எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன அண்ணே, அண்ணி எப்ப நடப்பாங்க?" என்று கேட்டு, ஒரு கதை வரும் என்று என் வாயையே பார்த்தார்கள்.

"நடக்கறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன்.

ரேமண்ட் தரையைப் பார்த்தான்.

"இவரு கெடக்கறாரு!" என்றாள் ஃபெலிசியா. "ஈஸ்டருக்கு நானே நடந்து போய் நற்கருணை வாங்குவேன்னு அந்த டாக்டர் பொண்ணு சத்தியமே பண்ணிச்சு. என் எலும்பப் பாத்துட்டு உள்ள டாக்டருங்க எல்லாம் கைதட்டுனாங்க, தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்படி யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தானே இருந்தேன்.

நாற்காலியை மெதுவாக உள்ளே தள்ளினேன்.