மே மாதத்துக்கு நட்ட பூக்கள்

ஒஷாவா
டிசம்பர் 3

என் அன்புப் பிள்ளை நிலாணிக்கு,

மாமி எழுதுகிறேன். உன் சுகம் அறிய ஆவல்தான். ஆனால் பதில் வருமோ வராதோ தெரியாததால் என் சுகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் குளிருக்கு முறுக்குகிறது. உன் ஒட்டாவா விலாசத்தை உன் சிநேகிதி அட்சயாவிடம் வாங்கினேன். அவளைக் கோபிக்காதே, நான்தான் விடாமல் கேட்டேன்.

விட்பியில் உங்கள் வீட்டில் நான் இப்போது இல்லை. ஒக்டோபரில் புறப்பட்டு வந்துவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. ஒஷாவாவுக்கு வடக்கே கஸ்பர் அண்ணை பூத்தோட்டம் வைத்திருக்கிறார். கல்யாண மண்டபங்களுக்கு நான் மாலை கட்டிய காலத்தில் பூக் கொண்டுவந்து தருவாரே, அவர்தான். குளிர்காலத்தில் அங்கேயே தங்கித் தோட்டத்தைப் பார்க்க ஓர் ஆள் தேடினார். நான் வாறன் என்றேன். சிரித்தார். நான் பகிடி விடவில்லை என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பூக்களைக் கட்டி அடுக்குகிற கொட்டிலுக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. ஹீற்றர் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது.

இந்தக் குளிரில் என்ன தோட்டம் என்று கேட்பாய். வளைத்த இரும்புக் குழாய்களுக்கு மேலே தடித்த பிளாஸ்ரிக்கை இழுத்துக் கட்டிய நீளமான கூடாரங்கள் மூன்று நிற்கின்றன. ரனல் என்கிறார்கள். உள்ளே சூடேற்ற ஒன்றும் கிடையாது. இலையுதிர்காலத்தில் கன்றுகளை நட்டு, கடுங்குளிர் வரும்போது மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிவிட்டால் பனிக்காலம் முழுக்க அப்படியே கிடக்கும். வளராது, சாகவும் சாகாது. மற்றத் தோட்டங்களுக்கு முந்திப் பூக்கும். குளிரைவிட வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டுமாம். வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, வெயில் எறிக்கும் நாளில் ரனலுக்குள் நான் ஸ்வெற்றரைக் கழற்றிவிடுவேன். பக்கப் பிளாஸ்ரிக்கை உருட்டிக் காற்று விட வேண்டும். மறந்தால் செடி வசந்தம் வந்துவிட்டது என்று நம்பித் துளிர்விடும். அந்தத் துளிர் அடுத்த குளிரில் கருகிவிடும்.

மூன்றாவது ரனலில் ஒரு பாத்தியை கஸ்பர் அண்ணை எனக்கென்று தந்தார். ரனன்குலஸும் ஸ்னப்ட்ராகனும் நட்டிருக்கிறேன். மே மாதம் பூக்கும். உனக்கும் கிளிபோட் தம்பிக்கும் மே மாதத்தில் கல்யாணம் என்று அட்சயா சொன்னாள்.

கிளிபோட் வேதக்காரப் பெடியன், கிறிஸ்தவன், வேண்டாம் என்று என் அண்ணை, உன் அப்பா, சொன்னதும், உன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றதும் உனக்குத் தெரியும். அதன்பிறகு எங்கள் எல்லோரையும் நீ விட்டுவிட்டாய். அதை நான் குறை சொல்லவில்லை. நானும் அந்த வீட்டில் இருந்தவள்தானே. உனக்குத் தலை பின்னிவிட்டவள் என்றாலும்.

தொப்பியும் கையுறையும் போடாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
மாமி

*

ஒஷாவா
பெப்ரவரி 17

அன்புள்ள நிலாணிக்கு,

போன கடிதம் திரும்பி வரவில்லை. ஆனபடியால் உனக்குக் கிடைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கஸ்பர் அண்ணை வராத நாட்களில் என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. பஸ் ஓடாத பாதை இது. கடைக்குப் போவதென்றாலும் அவர் வர வேண்டும். ஒருநாள் தவறான இலக்கத்துக்குப் போன் எடுத்த ஒரு வெள்ளைக்கார மனுசியோடு வெகுநேரம் கதைத்தேன். மிருக வைத்தியரைத் தேடினாளாம். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அவளுடைய நாய்க்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். அவளும் அவசரப்படாமல் சொன்னாள். போனை வைத்த பிறகு அறை முன்பைவிட அமைதியாக இருந்தது.

ஜனவரியில் ஒரு காலை துணியைத் தூக்கிப் பார்த்தால் செடிகள் எல்லாம் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கிக் கிடந்தன. முடிந்தது என்று நிலத்தில் குந்திவிட்டேன். கஸ்பர் அண்ணைக்குப் போன் எடுத்தால், கை வைக்காமல் மத்தியானம் வரை விடச் சொன்னார். மத்தியானம் எல்லாம் நிமிர்ந்து நின்றன. உறைந்திருக்கும்போது தொட்டால்தான் முறிந்து சாகுமாம். இப்படி எத்தனையோ காலைகள் கண்டுவிட்டேன். என்றாலும் மத்தியானம் வரை எனக்கு மனம் கேளாது.

போன கிழமை ஈரமும் பாரமுமாகப் பனி கொட்டியது. அப்படிக் கொட்டினால் ரனலுக்குள் நின்று, கூட்டுகிற தும்புத்தடியில் துணி சுற்றி, கூரைப் பிளாஸ்ரிக்கைத் தட்டித் தட்டிப் பனியைச் சரியவிட வேண்டும். கஸ்பர் அண்ணையால் வர முடியவில்லை. முதலாவது ரனலைத் தட்டிவிட்டு இரண்டாவதற்குப் போனேன். திரும்பிப் பார்க்க முதலாவது நடுவில் மடிந்து விழுந்து கிடந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதற்கு ஓடினேன். செய்தது சரியில்லைத்தான். ஆனால் ஓடினேன்.

பாதையில் பனியை வழித்து வழி விட்ட பிறகு ஒரு கார் வந்து நின்றது. உன் அப்பா. கஸ்பர் அண்ணையிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். ரனல் வாசலில் நின்றபடி, இந்த வயதில் உன்னை ஆர் இஞ்சை வந்து கஷ்ரப்படச் சொன்னது, வெளிக்கிடு, வீட்டை போவம் என்றார். நான் தட்டுவதை நிறுத்தவில்லை. கையில் உணர்வு இல்லை, நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது.

“ஆருக்கு உந்தப் பூ?” என்று கேட்டார்.

“நிலாணியின்ரை கலியாணத்துக்கு. உங்கடை வீட்டிலை இருந்துகொண்டு என்னாலை அதுக்குப் போகேலாது அண்ணை. அதுதான் வெளிக்கிட்டனான்.”

அவருக்கு எதிரே நின்று நான் இப்படிக் கதைத்தது கிடையாது. அவர் வெளியே போனார். கார் கிளம்பும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். மண்வெட்டிச் சத்தம்தான் கேட்டது. கூரையிலிருந்து சரிந்த பனி பக்கத்தில் குவிந்து பிளாஸ்ரிக்கை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிந்துகொண்டிருந்தார். இருட்டும் வரை இரண்டு ரனலிலும் மாறி மாறி, அவர் வெளியே, நான் உள்ளே. பிளாஸ்ரிக்கில் அவருடைய நிழல் குனிந்து நிமிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். மற்ற இரண்டு ரனல்களும் தப்பின.

தேத்தண்ணி குடித்தார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, கதவை வடிவாய்ப் பூட்டிப் படு என்றார். அவ்வளவுதான்.

உன் அப்பாவுக்காக நான் பேசுவதாக நினைக்காதே. நடந்ததைச் சொன்னேன்.

அன்புடன்,
மாமி

*

ஒஷாவா
மே 2

அன்புள்ள நிலாணிக்கு,

பூத்துவிட்டன.

ரனன்குலஸ் கிழங்கில் பாதியை எலி தின்றுவிட்டது. மிச்சம் வந்திருக்கிறது, இதழ்மேல் இதழாக, வெள்ளையும் செம்மஞ்சளும். ஸ்னப்ட்ராகன் என் இடுப்பளவு நிற்கிறது. காலையில் ரனலைத் திறந்தால் வாசம் வந்து முகத்தில் மோதும். வா, வந்து பார் என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா போன் எடுத்தார். பூத்திட்டுதோ என்று கேட்டார். ஓம் என்றேன். என்ன நிறம் என்றார், சொன்னேன். பிறகு, “அவளுக்கு வெள்ளை பிடிக்காது” என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது உண்மையா பிள்ளை? உன்னை வளர்த்தவள் நான், எனக்கு அது தெரியாது.

செம்மஞ்சளையே கூடுதலாக வெட்டுகிறேன். கல்யாணத்துக்கு முதல்நாள் ஒஷாவாவில் ரயில் ஏறி வருவேன். அழைக்காத இடத்துக்குப் போவது முறையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பூக் கொண்டுவருபவள் வாசல் வரை வரலாம்தானே. உன் கட்டடத்துக்குக் கீழே நிற்பேன். வாளிகள் பாரம், அவற்றை மேலே எடுத்துப்போக யாரையாவது அனுப்பு. உனக்கு வேலை இருக்கும், நீதான் இறங்கி வர வேண்டும் என்றில்லை.

போகிற ரயிலுக்கு ரிக்கற் எடுத்துவிட்டேன். திரும்பி வருகிற ரயிலுக்கு இன்னும் எடுக்கவில்லை.

நீயும் கிளிபோட் தம்பியும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். உங்கள் வீட்டில் எப்போதும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்க வேண்டும்.

என்றும் உன்,
அருள்நாயகி மாமி