சுவிஸுக்குப் போட்ட வாக்கு

மே, புதன்

மழை. மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ நிலையப் படியெல்லாம் வழுக்கல். குடை அலுவலகத்தில்.

சனிக்கிழமை ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. சுவிஸின் பாட்டுக்குப் பின்னணி பாடும் மூவரில் அபி ஒருத்தி. மேடையில், இடது ஓரம். இங்கே பிரான்ஸில், கார்ஜ் என்ற ஊரில், நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஒன்றரை வருடமாக அவள் சுவிஸில், பெர்னில். மார்கழியில் போனில் கேட்டாள்: "நீயும் இஞ்சை வாவன்." யோசிக்கிறேன் என்றேன். ஐந்து மாதம். இன்னும் யோசிக்கிறேன்.

பாட்டைக் கேட்டேன். பதினொரு தடவை. கடைசியில் மற்றவர்கள் ஓய, சொல்லே இல்லாத ஓர் இழுவை. அது அபி. லிப்ற் பழுதான நாட்களில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்று அப்படி இழுப்பாள். அங்கேதான் எதிரொலி நல்லதாம். அரிசிப் பையோடு நான் இரண்டாம் மாடியில் நிற்பேன். காலடி கேட்டால் நிறுத்திவிடுவாள்.

வாங்க: பால், சவர்க்காரம்.
எழுத: அபிக்கு.

மே, வெள்ளி

வெயில். அபிக்கு எழுதவில்லை.

மதியம் ரூ பிலிப்-து-ஜிரார் தெரு. அபியின் அம்மா, தேவி அன்ரி, வேலை செய்யும் பலசரக்குக் கடை. கல்லாவில் நின்று வாக்குச் சேர்க்கிறார். கறிவேப்பிலை வாங்க வந்த ஒருவரிடம்:

"அண்ணை, நாளைக்குச் சுவிஸுக்குப் போடோணும். மறந்திடாதேங்கோ."

"நான் பிரெஞ்சுக் குடிமகன், தங்கச்சி. பிரான்ஸுக்கெல்லோ போடோணும்?"

"இருக்கிற நாட்டுக்குப் போட ஏலாது. அதுதான் சட்டம். உங்கட தேசப்பற்றைப் பாண் வாங்கேக்கை காட்டுங்கோ."

என்னைக் கண்டதும் குரல் இறங்கியது. சூரிச்சில் தன் தங்கை குடும்பம் இருக்கிறதாம். எட்டுப் போன். ஒன்றாலும் பிரயோசனமில்லை.

"அங்கை கிடக்கிற சொந்தம் முழுக்க வீண், தம்பி. இஞ்சை இருக்கிற நீங்கள்தான் போடலாம்." பையை முடிந்தபடி, என்னைப் பார்க்காமல்: "உன்னை வரச்சொல்லிக் கேட்டவளாம். போறியோ?"

"தெரியேல்லை அன்ரி."

"உதைச் சொல்லவோ இவ்வளவு காலம் படிச்சனீ?"

அறைக்கு வந்தும் அதே நினைப்பு. பக்கத்தில் இருப்பவனின் வாக்குச் செல்லாது. தள்ளி இருப்பவனுடையது செல்லும். நான் இங்கேயே நின்றதற்கு முதன்முதலாக ஒரு பயன். ஆறுதல். உடனே வெட்கம்.

மே, சனி

தனியாகப் பார்த்தேன். கொத்துரொட்டி ஆறிப்போனது.

மேடை நிறையப் புகை. பாடகன் வெள்ளை உடுப்பில், நடுவில். கமரா அபி பக்கம் இரண்டு தடவை வந்தது. மெலிந்திருக்கிறாள். இரண்டாம் தடவை கண் மூடியிருந்தாள். பிறகு இழுவை. அவ்வளவு பெரிய மண்டபம், அவ்வளவு சனம். எனக்கு நாலாம் மாடி.

வாக்குப் போட்டேன். இனி ஏலாது என்று போன் சொல்லும்வரை. ஐந்து மாதத்தில் அவளுக்கு நான் சொன்ன ஒரே ஓம். அதையும் அவள் காணாத ஓர் இலக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

சுவிஸ் நடுவில் எங்கோ வந்தது. அபி கைதட்டிக்கொண்டு நின்றாள், வென்றவர்களுக்காக.

மே, ஞாயிறு

மேகம். பதினொரு மணிவரை படுக்கை. பால் அடுப்பில் இருக்க அபியின் செய்தி.

"எந்த நாடு எவ்வளவு போட்டதெண்டு பட்டியல் வந்திட்டுது. பிரான்ஸ் சனம் எங்களுக்கு நல்லாப் போட்டிருக்கு. நீயும் போட்டனியோ?"

"ஓம். போன் விட்ட மட்டும்."

"அம்மா ஒரு தெருவையே போட வைச்சவ."

"தெரியும். நானும் ஏச்சு வாங்கினன்."

பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன். கையைத் துடைத்தேன். பிறகுதான் அவளுடைய அடுத்த செய்தி வந்தது:

"அடுத்த வருசமும் நான் பாடினா, நீ எனக்குப் போட ஏலாமல் இருக்கோணும்."

நாளை: குடையை எடுக்க வேண்டும். வேலையை விடுவதென்றால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.