பிரசவ விடுதி வாயுக் குழியின் சாவி

அனுப்புநர்:
திருமதி சுகிர்தா கனகசிங்கம்,
கட்டில் இல. 3, பிரசவ விடுதி,
கொக்கட்டிமுனை.

பெறுநர்:
விசேட ஆணையாளர் அவர்கள்,
பிரதேச சபை,
கொக்கட்டிமுனை.

விடயம்: எரிவாயுக் குழியின் பூட்டைத் திறந்து, பிறந்த குழந்தைகளுக்குச் சுடுநீர் வைக்க அனுமதித்தல்

கனம் ஐயா,

நடுச்சாமம் கடந்து எழுதுவதற்கு மன்னிக்கவும். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகளின் இரு பக்கமும் வைக்கும் சுடுநீர்ப் போத்தல்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்றவேண்டியிருப்பதால் அலுவலக நேரத்தில் எழுத வாய்க்கவில்லை. அவை குழியின் திறப்பு விழாவன்று விருந்தினர்கள் விட்டுச்சென்ற சாராயப் போத்தல்கள். ஆகவே அவ்விழாவினால் பொதுமக்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம்.

1. கடந்த ஓகஸ்ட் மாதம் விடுதியின் பின்வளவில் அக்குழியைத் தாங்கள் திறந்துவைத்தீர்கள். மாட்டுச் சாணத்து வாயு குழாய் வழியே விடுதி அடுப்புக்கு வரும், மண்ணெண்ணெய் விடுவார்களா என்று இராணுவச் சோதனைச் சாவடியைப் பார்த்துக்கொண்டிராமல் நமது ஊர் தன் நெருப்பைத் தானே உண்டாக்கும் என்று பேசினீர்கள். ஐந்து மாத வயிற்றோடு நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

2. அப்போது அறுவடை முடிந்த வயல் வட்டைகளில் மாட்டுப் பட்டிகள் நின்றன. ஒக்டோபரில் விதைப்புத் தொடங்கியதும், வருடாவருடம் நடப்பதுபோல், அவை காட்டோர மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துச் செல்லப்பட்டன. சாணமும் கூடவே போய்விட்டது. இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரிந்த இச்செய்தி, திட்டம் வரைந்தவர்களுக்கு மட்டும் எட்டவில்லை. பின்னர், "முன்னறிவித்தலின்றி மாடுகள் இடம்பெயர்ந்தது ஏன்" என்று விளக்கம் கேட்டுப் பட்டிக்காரருக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று தரம் இடம்பெயர்ந்த எங்களை இவ்வளவு அக்கறையாக எவரும் விசாரித்ததில்லை.

3. மாரி தொடங்கி விறகு நனைந்தது. காட்டுக்குப் போகத் தடை. நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவள். வாவியை மூடி மிதக்கும் ஆற்றுவாழைச் செடிகளையும் சந்தைக் கழிவையும் நறுக்கிப் போட்டால், குழியில் மிஞ்சியிருக்கும் பழைய சாணக் கரைசலே அவற்றைப் புளிக்கவைத்து வாயு தரும் என்று எழுதி அனுமதி கேட்டேன். பதில் வரவில்லை. பொறுத்திருக்காதது எங்கள் குற்றம். என் கணவர் தோணியில் ஆற்றுவாழை ஏற்றிவந்தார். சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் மீராசாஹிப் காக்கா அழுகல் மூட்டைகளை அனுப்பினார். பிரசவம் பார்க்கும் மருத்துவமாது புஸ்பம் அக்கா கத்தியோடு குந்தினார். பதினேழாம் நாள், "எரியுதுகா புள்ள, ஓடி வாகா!" என்று அவர் போட்ட சத்தத்தில் நிறைமாதக்காரிகளும் ஓடினார்கள். நீல நிறத் தீ.

4. நவம்பர் 28 இல் என் மகள் பிறந்தாள். நிறை ஒன்றேமுக்கால் கிலோ. ஆறு நாட்கள் அந்தத் தீயின் சூட்டில் இருந்தாள். டிசம்பர் 4 அன்று சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் நல்லரத்தினம் ஐயா வந்து, 'சாண எரிவாயு நிலையம்' என்ற பெயர்ப்பலகையை வாசித்தார். "தங்கச்சி, இது சாணத்துக்குப் பாஸ் பண்ணின குழி. ஆத்துவாழையப் போட்டு நாளைக்கு வெடிச்சா ஆர் பதில் சொல்லுற?" என்று கேட்டார். இரவிரவாக ஷெல் விழும் ஊரில் வெடிப்பைப் பற்றி இத்தனை கவனமான ஒருவர் இருப்பது எங்கள் பாக்கியம். "போத்தல் ஆறினாப் பிள்ளையும் ஆறிரும் ஐயா" என்றார் புஸ்பம் அக்கா. "மேலிடத்துக்கு எழுதுங்க" என்று சொல்லிப் பூட்டைப் போட்டார் உத்தியோகத்தர். சபையின் உடைமைகளில் பழுதில்லாமல் வேலை செய்வது இன்று அந்தப் பூட்டு ஒன்றே என்பதையும் பாராட்டுடன் குறிப்பிடுகிறேன்.

5. பெயர்ப்பலகைதான் தடையென்றால், 'சாண' என்ற எழுத்துகளை மறைக்க என்னிடம் பழைய சேலை உண்டு. வெடிக்குமென்று பயமென்றால், நான் முதலில் பற்றவைக்கிறேன், தாங்கள் தெரு ஒழுங்கைக்கு அப்பால் நின்று பார்க்கலாம். மாடுகள்தான் வேண்டுமென்றால் அறுவடை முடிந்து மாசியில் திரும்பும். என் மகளால் மாசிவரை பொறுக்க இயலாது.

6. வெள்ளத்தால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் பாதை இல்லை. விடுதியில் காய்ந்த விறகு இன்னும் மூன்று இரவுக்குத்தான். அதிலும் ஓர் இரவுக்குரியது, மகளுக்கென்று என் கணவர் செய்வித்த தொட்டிலின் பலகைகள். இம்மாதம் இன்னும் நான்கு பேருக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது. அவர்கள் வீடுகளிலும் தொட்டில்கள் இருக்கும்.

எனவே, பூட்டின் சாவியைப் புஸ்பம் அக்காவிடம் கொடுத்தனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகக் கோவையிலும் குறிப்பிலும் பின்னர் எங்கு வேண்டுமானாலும் கையொப்பமிடுகிறேன். மகளின் பாதத்தை இப்போது தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

ஐயா, தயவுசெய்து விரைவில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
சுகிர்தா கனகசிங்கம்

கொக்கட்டிமுனை
1997.12.09