கண்ணாடியில் ஆடாத தண்ணீர்

18-4-95, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில். விடைத்தாள் இன்னும் இரண்டு கட்டு பாக்கி.

செய்ய: ரேஷன் சீனி. மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி. சேரன்மகாதேவி போய் தம்பி சங்கரனிடம் அரிசி.

தபாலில் தடித்த கவர். தண்ணீர் மிஷின் கம்பெனியின் புது நோட்டீஸ், பத்துப் பிரதி. உப்புத் தண்ணீர் வருகிற குழாயில் வயரைச் சுற்றி, சுவரில் டப்பாவை மாட்டினால் போதும், சிவப்பு விளக்கு எரியும், குழாயில் உப்பு ஒட்டாது என்கிற அதே மிஷின். சங்கரன் தன் அரிசி மில்லில் ஐப்பசியில் மாட்டினான், நெல் அவிக்கிற பாய்லருக்கு.

நோட்டீஸின் நடுவில் கட்டம் கட்டி என் பெயர். எம்.எஸ்ஸி., வேதியியல் விரிவுரையாளர், பாளையங்கோட்டை. கீழே தை மாதம் நான் எழுதிக் கொடுத்தது: “மூன்று மாத உபயோகத்துக்குப் பின் கொதிகலனைத் திறந்து பார்த்தேன். குழாய்களில் உப்புப் படிவு இல்லை.” உண்மைதான். நானே டார்ச் அடித்துப் பார்த்தேன்.

வீட்டில் இவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மிஷின் படத்தவிட உம்பேரு பெரிசா இருக்கு” என்றார். சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் காட்ட ஒரு பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது. வைத்துக்கொண்டேன்.

20-4, வியாழன்

சே.தேவி போய் வந்தாயிற்று. அரிசி ஒரு மூட்டை, முருங்கைக்காய், சங்கரன் பெண்டாட்டி கொடுத்த மாவடு.

மில்லுக்குப் பின்னால் கால்வாய் காய்ந்து கிடக்கிறது. உள்ளே ஆடுகள். பாய்லருக்கு எங்கிருந்து தண்ணீர் என்று கேட்டேன்.

“போர்தான்க்கா. பங்குனி பொறந்ததுமே கால்வாய அடைச்சாச்சுல்லா.”

பாய்லர் பார்க்கிற மாடசாமி அண்ணாச்சிக்கு ஏக உற்சாகம். பாய்லரின் நெஞ்சில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அதில் தெரியும். கொதிக்கும்போது அந்த மட்டம் ஆடிக்கொண்டே இருக்கும்.

“இப்போ பாருங்க டீச்சரம்மா, ரெண்டு நாளா ஆடவே மாட்டேங்கு. மிஷினு தண்ணிய அடக்கிட்டு. பம்பும் முன்ன மாதிரி அடிக்கடி போட வேண்டாம். கொறையவே இல்ல.”

“சாமி வந்து ஆடுறது நீங்க, தண்ணியாவது சும்மா இருக்கட்டும்” என்று சங்கரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

போர் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்து வந்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

21-4, வெள்ளி

மில் இன்று லீவு, ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. கல்லூரி லேபில் யாரும் இல்லை.

பாட்டில் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சோதித்தேன். நம் ஆற்றுத் தண்ணீர் என்றால் பியூரெட்டிலிருந்து, திருகு வைத்த அளவுக் கண்ணாடிக் குழாயிலிருந்து, மருந்து கொஞ்சம் விட்டதுமே சிவப்பு நீலமாகிவிடும். இதற்கு பியூரெட் முழுவதும் காலி. சிவப்பு அப்படியே. மறுபடி நிரப்பினேன்.

மிஷின் உப்பை எடுக்கும் என்று அதை விற்ற ஏஜெண்ட் சொல்லவே இல்லை, ஒட்டாமல் செய்யும் என்றுதான் சொன்னான். ஆகவே இந்தச் சோதனையில் மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தை மாதத்தைப் பற்றித் தெரிகிறது. ஐப்பசி முதல் தை வரை பாய்லருக்குப் போனது கால்வாய்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர். மிஷின் இல்லாவிட்டாலும் குழாய் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வி. முதல் வருஷப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி. நான் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவமானம் மட்டும்தான்.

பியூரெட்டைக் கழுவும்போது ஒன்றின் கீழ்முனை அடைத்திருந்தது. திருகைத் திறந்தேன். தண்ணீர் இறங்கவில்லை. நின்ற இடத்தில் அப்படியே, அசையாமல்.

மில் கண்ணாடியிலும் இப்படித்தான் நின்றது.

அதே நெல். அதே நீராவி. அப்படியிருக்க தண்ணீர் மட்டும் எப்படிக் குறையாமல் இருக்கும்? குறைகிறது. கண்ணாடியில்தான் தெரியவில்லை. கண்ணாடிக்குக் கீழே பாய்லரோடு சேர்கிற வழி உப்பால் அடைத்துவிட்டது. அண்ணாச்சி பார்ப்பது நின்றுபோன தண்ணீரை. அதை நம்பி பம்பைக் குறைத்துவிட்டார். முன்பு தினமும் காலையில் கண்ணாடிக்குக் கீழ் உள்ள திருகைத் திறந்து பார்ப்பார். மிஷின் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று ஏஜெண்ட் சொல்ல, சங்கரன் அதையும் நிறுத்திவிட்டான். உப்பு படியாமல் இருக்கத் தண்ணீரில் கலக்கிற மருந்துத்தூளையும். எல்லாம் என் நாலு வரிக்குப் பிறகு.

தண்ணீர் வற்றிய பாய்லர். கீழே உமித் தீ. முன்னால் தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு அண்ணாச்சி.

சங்கரன் வீட்டுக்குப் போன். மூன்றாவது தடவையில் கிடைத்தது. கண்ணாடி வழி அடைத்திருக்கிறது, மிஷினை நம்பாதே என்றேன்.

“ஏக்கா, நீதான எழுதிக் குடுத்த. இப்போ நீயே வேண்டாங்கிறியே.”

“எழுதினது தப்புடா. நாளைக்குத் தீ போடாத.”

“ஊற வச்ச நெல்லு தொட்டியில கெடக்கு. அவிக்கலன்னா நாறிரும். வெயில்ல அலைஞ்சிருக்க. மோரக் குடிச்சிட்டுப் படு.”

“மாடசாமி அண்ணாச்சிகிட்டயாவது சொல்லு.”

“அவரு கொடையில ஆடிக்கிட்டு இருக்காரு. காலைல ஆறு மணிக்குத்தான் வருவாரு.”

ஆறு மணி.

22-4, சனி

நடந்த வரிசையிலேயே எழுத முயல்கிறேன்.

ஜங்ஷனில் முதல் பஸ். பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பத்தமடையில் பாய்க்கட்டு ஏற்ற நிறுத்தினான். இறங்கும்போது மணி ஏழு. தூரத்திலேயே மில் புகைபோக்கியில் புகை. ஓடினால் விழுந்துவிடுவேன் என்று நடந்தேன். பிறகு ஓடினேன்.

அண்ணாச்சி அதே டின்னில், நெற்றியில் கொடை மஞ்சள், மடியில் தூக்குவாளி. “வாங்க டீச்சரம்மா. முந்தாநேத்துதான அரிசி வாங்கிட்டுப் போனிய?”

“அந்தத் திருகைத் திறங்க அண்ணாச்சி.”

“தெறக்கப்படாதுன்னு மொதலாளி சொல்லிருக்காருல்லா.”

“திறங்க.”

என் முகத்தைப் பார்த்தார். திறந்தார். கண்ணாடியில் நின்ற தண்ணீர் சீறிக்கொண்டு தரையில் கொட்டியது. மூடினார். வழி சரியாக இருந்தால் மூடிய நொடியே தண்ணீர் ஏற வேண்டும். ஏறவில்லை. வெறும் கண்ணாடி. உள்சுவரில் ஒரே ஒரு சொட்டு.

அண்ணாச்சி தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

அதற்குள் சங்கரன் வந்துவிட்டான். “தண்ணி இல்லன்னா பம்பப் போட வேண்டியதுதான” என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். அண்ணாச்சி அந்தக் கையை அடித்துத் தள்ளினார்.

“தொடாதீரும் வே. காஞ்சு கெடந்தா பச்சத்தண்ணி பட்டதும் வெடிச்சிரும். ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்.”

முதலாளியை வே என்றார். சங்கரன் பின்வாங்கினான்.

“எலே, எல்லாரும் ரோட்டுக்குப் போங்கலே. பைய. ஓடாதிய. நெல்லு போனாப் போவுது.”

ரோட்டோரம் நின்றோம். பதினோரு பேர். அண்ணாச்சி மட்டும் உள்ளே, நீளக் கம்பியால் தீயை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு. கம்பி தரையில் உரசுகிற சத்தம். சத்தம் நின்றால் எல்லாரும் மில் வாசலைப் பார்ப்போம். மறுபடி கேட்டால் மூச்சு வரும். அவர் மனைவி கொடைக்கு வந்த விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைவு வந்தது. அவள் பெயர் தெரியவில்லை. இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த மனிதர்.

அரை மணி நேரம். தோள் துண்டு கருகி வெளியே வந்தார். “தீ இல்ல. ஆறணும். நாளைக்குத் தெறப்போம்” என்றார். பீடி பற்றவைக்கப் பார்த்தார். முடியவில்லை. சங்கரன் பற்றவைத்துக் கொடுத்தான்.

23-4, ஞாயிறு

சங்கரனிடமிருந்து ஆள் வந்து கூட்டிப் போனார்.

டார்ச்சை அவன் முதலில் என்னிடம் தரவில்லை. உள்ளே பார்த்துவிட்டு நீட்டினான்.

உள்ளே வெள்ளை. குழாய்கள் மேல் முட்டை ஓட்டைவிடத் தடிப்பாக. மேல் வரிசைக் குழாய்கள் தண்ணீருக்கு வெளியே. மூன்று குழாய் சூட்டில் நடுவே தொய்ந்திருக்கிறது. கண்ணாடிக்குப் போகிற கீழ் வழி திருநீற்றுக் கட்டி வைத்து அடைத்ததுபோல. விரலால் தொட்டேன். கல்.

சுவரில் டப்பாவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அண்ணாச்சி ஒரு துண்டைப் பெயர்த்து என் கையில் வைத்தார். “நேத்து ஒம்பது மணிக்கு வந்திருந்தியன்னா எங்கள எங்கன தேடியிருப்பிய?” கோபமில்லாமல்தான் கேட்டார். கோபப்பட்டிருக்கலாம்.

நாறுகிற நெல்லை வண்டியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

24-4, திங்கள்

கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு ஏஜெண்டுக்கு எஸ்.டி.டி.

“மேடம், மிஷின் மேல தப்பே இல்லீங்க. கண்ணாடிக் குழாயப் பாக்குறது மில்காரங்க பொறுப்புங்க.”

“இந்தப் பக்கம் வேற யார் வாங்கியிருக்கா?”

“நாலு மில்லுங்க. எல்லாம் உங்க லெட்டரப் பாத்துட்டு வாங்குனாங்க.”

குறித்துக்கொண்டேன். கல்லிடைக்குறிச்சி இரண்டு. அம்பை ஒன்று. கடையம் ஒன்று. கால்வாய் எல்லா ஊரிலும் அடைத்தாயிற்று.

மிஷின் வேலை செய்கிறதா? இரவெல்லாம் அதே. எங்காவது, ஏதோ ஒரு தண்ணீரில் செய்யலாம். செய்யாது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. செய்யும் என்பதற்கும் இருந்ததில்லை. “எனக்குத் தெரியாது” என்ற இரண்டு வார்த்தையை எழுதியிருக்கலாம். அதற்குக் கட்டம் கட்டி யார் அச்சடிப்பார்கள்?

அம்பையில் போனை எடுத்தார்கள். திருகைத் திறந்து பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டார்கள், தண்ணீர் ஏறுகிறதாம். மருந்துத்தூளை மறுபடி போடச் சொன்னேன். கடையத்துக்குத் தந்தி. அங்கிருந்து, பாய்லரை நிறுத்திவிட்டதாக மாலையில் போன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு மில்லில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. இன்னொன்றில் போனே கிடையாது.

இவர்: “நானும் வாரேன்.” வேண்டாம் என்றேன். என் பெயர்தானே அச்சில் இருக்கிறது.

பையில் இருந்த நோட்டீஸை எடுத்து என் நாலு வரிக்குக் கீழே பேனாவால் எழுதினேன்: அப்போது வந்தது ஆற்றுத் தண்ணீர்.

25-4, செவ்வாய்

கல்லிடைக்குறிச்சி பஸ் 5.40க்கு. அண்ணாச்சி பெயர்த்துத் தந்த உப்பு ஓடு கைக்குட்டையில். போனதும் பாய்லர்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணாடியில் தண்ணீர் ஆடுகிறதா.