தூசி தட்டாத பாதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு. பிரித்திருந்தால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி. இங்கே எல்லோரும் சுகம். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசாமல் சுகமாக இருக்கிறாள், நான் அதைப் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் மேலே எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. உன் அண்ணன் கடை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் இடித்துவிட்டு, கேட்தான் கோணலாக இருந்தது என்கிறான். என் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். நீ “சொல்லுங்கப்பா” என்றதும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை நீ “இங்க பனிப்பா, மழையே கிடையாது” என்று சிரித்தாய். போன லீவில் நீ காலுறைக்குள் சுற்றி எனக்குக் கொண்டுவந்து தந்த கல்லைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பூமிக்கு அடியில் இருநூறு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த பச்சைக் கல், வைரத்தை மேலே கொண்டுவந்த அதே எரிமலைக் குழம்பில் இடிபட்டு ஏறி வந்திருக்கிறது, சுற்றிலும் இருக்கிற கறுப்புதான் அந்தக் குழம்பு உறைந்தது, ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கும், மெதுவாக வந்திருந்தால் வழியிலேயே கரைந்துபோயிருக்கும் என்றாய். இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போனாலே எனக்கு இடுப்பு கழன்றுவிடும், அதனால் அந்தக் கல்லின் மேல் அன்றே ஒரு மரியாதை வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “பொண்ணு வைரச் சுரங்கத்துல இருக்கா, ஒரு கல்லாவது வந்துச்சா” என்று கேட்பார். வந்துச்சு, தேங்காய் சைஸில் என்பேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவே தினமும் மாத்திரை வாங்கலாம்.

போன வாரம் நீ கூப்பிட்டு, அங்கே இருந்த துண்டுகளெல்லாம் சோதனையில் தீர்ந்துவிட்டன, கல் எடுத்த குழியிலும் தண்ணீர் நின்றுவிட்டது, உங்களிடம் இருப்பது ஒன்றுதான் மிச்சம், அனுப்புங்கள், அடுத்த மாதம் எல்லோர் முன்னாலும் இதை வைத்துத்தான் பேச வேண்டும் என்றாய். அங்கேதான் உன் அப்பனின் புத்தி வேலை செய்தது. என் மகள் பெரிய பெரிய படிப்பாளிகள் முன்னால் நிற்கப் போகிறாள், கல் அழுக்கு முகத்தோடு போகலாமா என்று நினைத்துவிட்டேன். முப்பது வருஷமாக சமையல் மேடைக் கல் அறுக்கிற கை. பட்டறைக்குள் வந்த எந்தக் கல்லையும் பளபளப்பு இல்லாமல் வெளியே அனுப்பியதில்லை. உருண்டையாக இருந்தால் மெருகு பிடிக்காது என்று நடுவில் பிளேடைக் கொடுத்து இரண்டாக அறுத்தேன். ஒரு பாதியின் வெடிப்புகளில் பசை ஊற்றி அடைத்தேன், கரகரப்பிலிருந்து நைஸ் வரை நாலு நம்பர் தேய்ப்புக்கல் போட்டு, கடைசியில் வெள்ளை மெருகுப் பொடி போட்டுத் தேய்த்தேன். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன், அதுதான் கொடுமை. மறுநாள் காலையில் நீ கூப்பிட்டு “அப்பா, மேல இருக்கிற தூசியக்கூட தட்டிடாதீங்க, பச்சையும் கறுப்பும் ஒட்டுற ஓரத்துலதான் அது எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு எழுதியிருக்கு” என்றாய். நான் சரிம்மா என்றேன். அந்தச் சமயம் என் இடது கையில் இருந்தது மெருகுத் துணி.

இப்போது நல்ல சேதி. அந்தப் போன் வருவதற்கு முந்தின நாளே மற்றப் பாதிக்கும் மெருகு போட எடுத்து வைத்திருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். “அவகிட்ட கேட்டீங்களா? கேக்காமலே பிளந்தாச்சா? ஒரு பாதியாவது அவ குடுத்த மாதிரியே இருக்கட்டும்” என்று சொல்லி, கல்லைக் காலி டப்பாவோடு சேர்த்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள். கல்லைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்னைப் பற்றித் தெரியும். பெட்டியில் வந்திருப்பது அந்தப் பாதிதான். அறுத்த முகத்தில் மட்டும் பிளேடுத் தண்ணீர் பட்டிருக்கிறது. பின்பக்கம் கறுப்பு ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு நீ தந்தபடியே இருக்கிறது. பையில் போகும்போது டப்பா மூடியில் இடிபட்டு ஒரு மூலை உதிர்ந்தது, அந்தத் தூளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். வேகத்தைக் கணக்குப் போட இதுவும் வேண்டும் என்று சாம்பல் வளையம் போட்ட சிவப்பு மணிகளை நீ விரல் வைத்துக் காட்டினாயே, நாலு இருந்தன. ஒன்று பிளேடு போன வழியில் போய்விட்டது. ஒன்று என் மெருகுக்குள் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இரண்டு அம்மாவின் பாதியில் பத்திரம். இரண்டு போதுமா என்று எனக்குத் தெரியாது பாப்பா. போதாது என்றால் இந்தக் கடிதத்தை உன் பெரிய மேடத்திடம் காட்டு. தப்பு செய்தது பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு தகப்பன், பெண்ணின் மேல் குற்றமில்லை என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், கடைசித் தாளில் இருக்கிறது. பெட்டி மூலையில் ஒரு பாட்டிலும் இருக்கும். பிளேடுக்குக் கீழே தேங்கிய சேற்றை வடிகட்டி வைத்தது. அதில் உன் கல் எவ்வளவு, யார் வீட்டுச் சமையல் மேடை எவ்வளவு என்று பிரிக்க அங்கே மெஷின் இருக்கும் என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் வைத்தது.

மெருகு போட்ட பாதி என் மேசையில் இருக்கிறது. ஈர இலையை வெயிலில் தூக்கிப் பிடித்த மாதிரி ஒரு பச்சை. நீ ஏன் வைரத்தை விட்டுவிட்டு இதன் பின்னால் போனாய் என்று எனக்குப் புரிந்ததே அதைக் கெடுத்த பிறகுதான். நீயும் சுரங்க வேலைக் கடிதம் வந்த மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கு எனக்கு வருத்தம்தான். ஒரு மாதம் இருந்திருந்தால் நானே பேசிப் பேசி உன்னைக் கரைத்திருப்பேன். வேகமாகப் போனதால் முழுசாகப் போய்ச் சேர்ந்தாய்.

இந்த மூன்று நாளில் நேற்று மட்டும் அம்மா மௌனத்தைக் கலைத்து ஒன்றே ஒன்று சொன்னாள். “போன்ல நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு உங்க பொண்ணும் உங்கள மாதிரியே மெருகு போட்டுத்தான் பேசுறா.” அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது, கேட்கத்தான் தைரியம் இல்லை. அதனால் அந்த இரண்டு சிவப்பு மணி போதுமா போதாதா என்று உள்ளதை எழுது. திட்ட வேண்டுமென்றால் திட்டு, ஒரு எழுத்தும் தேய்க்காமல் அப்படியே அனுப்பு. அழுகிறாய் என்றால் அதையும் எழுது. நான் தாங்குவேன், கல்லோடு பழகியவன்.

எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, நீ நிற்கிற இடத்தில் எல்லாம் நிமிர்ந்து நில். பெட்டியைக் கத்தியால் கிழிக்காதே, மேலே அம்மாவின் பழைய சால்வை சுற்றியிருக்கிறது, அது உனக்குத்தான்.

இப்படிக்கு,
உன் மேடைக்கல் அப்பா
(அம்மா படித்துப் பார்த்துவிட்டாள். பாட்டில் இருக்கட்டும் என்றாள்.)